திரை இருண்டது; எண்ணம் விழித்தது

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

முற்றிலும் கெட்டுப்போன பொருளைக் கண்டு எவரும் கலங்குவதில்லை. எரியாத விளக்கை மாற்றிவிடுகிறோம். ஓடாத கடிகாரத்தைக் கடையில் கொடுத்துவிடுகிறோம். ஆனால் ஒரு நேரம் எரிந்து ஒரு நேரம் அணைகின்ற விளக்கு இருக்கிறதே, அதுதான் மனிதனைப் படாத பாடு படுத்துகிறது. பழுது இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பிறரிடம் காட்டப் போனால் அது ஒளிந்துகொள்ளும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால், அங்கே போனதும் அது சிரித்து விளையாடுமே, அந்தக் கதைதான்.

அப்படிப்பட்ட ஒரு பழுதோடு சென்ற பருவத்தில் நான் போராடினேன். அந்தப் போராட்டத்தில் எனக்குக் கிடைத்த ஒரு கருத்தைப் பேராசிரியப் பெருமக்களின் முன்பும் என் தோழர் தோழியர் முன்பும் வைக்க விரும்புகிறேன். சிறியவள் சொல்கிறேன், பிழையிருந்தால் பொறுத்தருள்க.

கதை தொடங்குகிறது

விடிவதற்கு முன்பே தண்ணீர் லாரிகள் வரிசை கட்டும் கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீடு. அந்த லாரிகளுள் ஒன்றை ஓட்டுபவர் என் தந்தை. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். தாயார் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

மாலை நேரத்தில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுத்து என் படிப்புச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். அந்த வேலைக்குத் தனி கிராபிக்ஸ் சில்லு உள்ள கணினி வேண்டும். புதிதாக வாங்க வசதியில்லை. கணினி விளையாட்டுகளுக்கென்றே செய்யப்பட்ட மடிக்கணினி ஒன்றை ரிச்சி தெருவில் பழையதாக 38,000 ரூபாய்க்கு வாங்கினோம். அதில் 15,000 ரூபாய், அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் எடுத்த கடன். ஒருநாளும் நான் அதில் விளையாடியதில்லை. விளையாடியது அதுதான், என்னோடு!

நான்காவது மாதத்தில் ஓர் இரவு, வேலையின் நடுவே திரை இருண்டது. ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மணமேடையில் நாதஸ்வரம் முழங்குகிறது, மணமக்களைக் காணவில்லை. சில நொடிகளில் படம் தானே வந்தது. மறுநாள் இரண்டு முறை. அதற்கடுத்த நாள் ஒன்றுமேயில்லை. பிறகு ஒரே இரவில் ஐந்து முறை.

ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள், இருளவில்லை. "மதர்போர்டு போயிருக்கும், 16,500 ரூபாய் ஆகும்" என்றார்கள். வேறொரு கடையில், "டிஸ்ப்ளே போயிருக்கும், 9,000 ரூபாய்" என்றார்கள். தோழி ஒருத்தி, "எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை மீண்டும் போடு" என்றாள். போட்டேன். அன்றிரவே இருண்டது.

அந்தக் கடைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. தன்னைக் காட்டிக்கொள்ளாத பழுதை அரை மணி நேரத்தில் அவர்கள் எப்படிப் பிடிப்பார்கள்? "எப்போது இருளுகிறது?" என்று ஒருவர் கேட்டார். "எப்பவாவது ஆகுதுங்க" என்றேன். இயற்பியல் படிக்கும் மாணவி சொல்லக்கூடிய விடையா அது? குறை அவர்கள் அறிவில் இல்லை; நான் கொண்டுபோன செய்தியில் இருந்தது.

லாரி ஓட்டுநர் நடத்திய பாடம்

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் கணினியைத் தொட்டதேயில்லை. ஆனால் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, லாரி நடுவழியில நிக்குதுன்னா, மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி அது எப்ப நிக்குதுன்னு பாக்கணும். இன்ஜின் சூடானப்புறமா, மேடு ஏறும்போதா, டேங்க் நிறைஞ்சிருக்கும்போதா? அதைச் சொல்லாம வண்டிய விட்டா, அவன் இருக்கிற சாமானையெல்லாம் மாத்துவான். எழுதி வை."

எழுதி வைத்தேன். பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம். அதில் கட்டம் போட்டேன்: நாள், நேரம், எத்தனை நொடி இருள், சார்ஜர் செருகியிருந்ததா, வெப்பநிலை எவ்வளவு, என்ன வேலை நடந்தது, எங்கே உட்கார்ந்திருந்தேன். பதினான்கு நாள்களில் 31 முறை திரை இருண்டிருந்தது.

அந்த ஏட்டைப் பார்த்தவுடனே ஓர் உண்மை விளங்கியது. நான் ஒன்று என்று நினைத்திருந்த பழுது ஒன்றன்று, இரண்டு! 12 முறை ஓரிரு நொடி மட்டுமே இருள். அத்தனையும் சார்ஜரைச் செருகிய நேரம், பிடுங்கிய நேரம், அல்லது மின்சாரம் போய் வந்த நேரம். மீதி 19 முறை நீண்ட இருள். அவற்றுக்கும் சார்ஜருக்கும் தொடர்பில்லை.

முதல் வகையின் காரணம் எளிது. இவ்வகை மடிக்கணினித் திரைகள் நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும். மின்சாரம் போய் மின்கலத்தில் ஓடத் தொடங்கினால், மின்கலத்தை மிச்சப்படுத்த அதை 60 முறையாகக் குறைத்துக்கொள்ளும்படி சில கணினிகளில் ஏற்பாடு உண்டு. அப்படி மாறுகிற கணத்தில் திரை ஒருமுறை இருண்டு வரும். அது நோயன்று, அதன் இயல்பு. அமைப்புகளுக்குள் போய் எப்போதும் 60 என்று வைத்தேன். பன்னிரண்டும் மறைந்தன. செலவு ஒன்றுமில்லை.

நீண்ட இருளின் மூலத்தை நாடி

இரண்டாம் வகைக்கு என்னென்ன காரணங்கள் இருக்கக்கூடும் என்று வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இதுவே நான் வகுத்துக்கொண்ட விதி.

வெப்பமா? முதலில் எல்லாருக்கும் தோன்றுவது அதுதான். ஆனால் என் ஏட்டில் 46 பாகையிலும் இருண்டிருக்கிறது. 88 பாகையில் இரண்டு மணி நேரம் இருளாமலும் ஓடியிருக்கிறது. வெப்பத்தை அடித்துவிட்டேன்.

கிராபிக்ஸ் சில்லை இயக்கும் மென்பொருளா? அந்தச் சில்லு இரண்டு நொடிக்கு மேல் பதில் சொல்லாமல் நின்றால், விண்டோஸ் அதை மீண்டும் தொடங்கிவிட்டு, தன் நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்ற எண்ணிட்டு எழுதிவைப்பது வழக்கம். தேடிப் பார்த்தேன், அந்த எண் இல்லை. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட் விசைகளோடு 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் அந்த மென்பொருள் மறுபடி தொடங்கும். இருள் வந்தபோது அழுத்தினேன். 'டிக்' என்று ஒலி வந்தது, படம் வரவில்லை. அதையும் அடித்தேன்.

காந்தமா? இது நம் பாடநூலிலிருந்து பிறந்த ஐயம். 1879-ஆம் ஆண்டு எட்வின் ஹால் கண்டுபிடித்த ஹால் விளைவைப் படித்திருக்கிறோம். பல மடிக்கணினிகளில் மூடியில் ஒரு சிறு காந்தமும், உடலில் ஒரு ஹால் உணரியும் இருக்கும். மூடியைச் சாத்தினால் உணரி காந்தத்தை அறிந்து கணினியை உறங்க வைக்கும். காந்தப் பூட்டு வைத்த கைபேசி உறையோ, காந்தக் கைக்கடிகாரப் பட்டையோ அருகில் வந்தாலும் கணினி ஏமாந்து போகும். ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் நகர்த்திப் பார்த்தேன். உண்மையிலேயே திரை அணைந்தது! துள்ளிக் குதித்தேன். ஆனால் அடுத்த நொடியே ஒலியும் நின்றது, கணினி உறங்கிவிட்டது. என் பழுதிலோ நாதஸ்வரம் நிற்பதில்லையே! எவ்வளவு அழகான விளக்கமாக இருந்தாலும் உண்மைக்குப் பொருந்தவில்லை என்றால் விட்டுவிடத்தானே வேண்டும்? வருத்தத்தோடு அடித்தேன்.

மதர்போர்டா? வீட்டுத் தொலைக்காட்சியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்து, இரண்டிலும் ஒரே படம் தெரியும்படி வைத்தேன். அன்றிரவு கணினித் திரை இருண்டது. தொலைக்காட்சியில் படம் ஓடிக்கொண்டேயிருந்தது. அப்படியானால் படத்தை ஆக்குகிற இடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆக்கிய படம் திரைக்குப் போய்ச் சேரும் வழியிலோ, திரையிலோதான் கோளாறு. 16,500 ரூபாய்ச் செலவுக்கு அங்கே பெரும்பாலும் வேலையில்லாமல் போயிற்று.

எஞ்சியது ஒரு புதிர். 19 முறையும் வீட்டில்தான் இருண்டிருக்கிறது; கல்லூரி நூலகத்தில் ஒருமுறைகூட இல்லை. வீட்டு மின்சாரம்தான் காரணமோ என்று மின்கலத்திலேயே ஓட்டினேன், அப்போதும் இருண்டது. வீட்டில் என்ன வேறுபாடு? அம்மா இரவு பத்து மணிக்குத் தையலை முடித்த பிறகு, தையல் இயந்திரப் பலகையின் மேல்தான் கணினியை வைத்து வேலை செய்வேன். அந்த இயந்திரம் சுவரை ஒட்டி நிற்கிறது. அதனால் திரையைப் பின்னுக்குச் சாய்க்க முடியாது. ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். நூலக மேசையில் நன்றாகச் சாய்த்து வைப்பேன். கோணம்!

தங்கையின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்தேன். 90 பாகையிலிருந்து 130 வரை, ஐந்தைந்து பாகையாகத் திரையை நிறுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் பலகையைப் பத்து முறை விரலால் தட்டினேன். 90-இல் 2 முறை இருண்டது; 95-இல் 7; 100-இல் 8; 105-இல் 3; 110-க்கு மேல் ஒருமுறைகூட இல்லை. வரைபடத்தாளில் புள்ளிகளை வைத்து இணைத்தேன். ஒரு சிறு குன்றைப் போல வளைகோடு எழுந்து இறங்கியது. விடை இன்னதென்று முன்கூட்டித் தெரியாமல் என் வாழ்நாளில் நான் வரைந்த முதல் வரைபடம் அதுதான்.

திரைக்குப் படத்தைக் கொண்டுசெல்லும் மெல்லிய கேபிள் கீலின் வழியாகப் போகிறது. திறந்து மூடித் திறந்து மூடி அது தேய்கிறது. குறிப்பிட்ட கோணத்தில், சிறு அதிர்வில், தொடர்பு விட்டுப்போகிறது. அந்த வரைபடத்தோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை இரண்டு நிமிடம் பார்த்தார், கீலைத் திறந்தார், மேலுறை தேய்ந்து நசுங்கியிருந்த கேபிளை எடுத்துக் காட்டினார். புதுக் கேபிளும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாய். நானே ஏன் திறக்கவில்லை என்று கேட்கலாம். உள்ளே இருப்பது லித்தியம் மின்கலம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கக்கூடியது. காரணத்தைக் காண்பது வேறு, கைவேலை செய்வது வேறு. முதலாவது என் வேலை. இரண்டாவது பழகிய கையின் வேலை.

பெரியவர்களுக்கும் இதே பாடம்

இது ஏழை வீட்டுப் பழங்கணினிக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். ஆப்பிள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட மேக்புக் புரோ கணினிகளில் திரையின் அடியில் மேடை விளக்கு போட்டாற்போல ஒளித் திட்டுகள் தோன்றின. சிலவற்றில் மூடியை ஓர் அளவுக்கு மேல் திறந்தால் திரை இருண்டது. கீலைச் சுற்றிச் செல்லும் கேபிள் தேய்ந்ததே காரணம் என்று, கணினிகளைப் பிரித்துப் பார்த்து எழுதும் ஐபிக்ஸிட் குழுவினர் எடுத்துக் காட்டினர். 2018-ஆம் ஆண்டுக் கணினியில் அதே கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருந்ததையும் அவர்களே அளந்து சொன்னார்கள். 2019 மே மாதத்தில்தான் 2016-ஆம் ஆண்டு 13 அங்குலக் கணினிகளுக்கு அந்நிறுவனம் இலவசப் பழுதுநீக்கத்தை அறிவித்தது.

அதற்கும் முன்னால், 2008 ஜூலையில், என்விடியா நிறுவனம் தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் பொருள் குறைபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு, 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க நேர்ந்தது. உலகப் பெரும் பொறியாளர்கள் கூடிச் செய்த பொருளிலும் விட்டு விட்டு வரும் பழுது இப்படித்தான் ஒளிந்து விளையாடுகிறது. அதை வெளியே இழுத்து வருவது பணமன்று, பொறுமையான கவனிப்பு.

நம் ஆய்வகத்துக்கு வருவோம்

இப்போது என் நெஞ்சில் உறுத்துவதைச் சொல்கிறேன். மூன்று பருவங்களாக நான் செய்முறை வகுப்புக்குச் செல்கிறேன். நியூட்டன் வளையம், கேரி பாஸ்டர் சமனச்சுற்று, மின்னழுத்தமானி என்று பல செய்திருக்கிறேன். ரெக்கார்டு நோட்டில் எல்லாம் அழகாக இருக்கின்றன. ஆனால் அவற்றில் எத்தனை அளவீடுகள் என் கண்ணால் கண்டவை?

முதலாண்டில் சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் காணும் செய்முறை. என் அளவீடுகள் விடையோடு ஒத்துவரவில்லை. மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. நூலில் உள்ள விடையை வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அளவீடுகளைத் திருத்தி எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. நான் மட்டுமா இப்படிச் செய்தேன்? தோழர்களே, உங்கள் நெஞ்சைத் தொட்டு நீங்களே சொல்லுங்கள்.

கால்வனாமீட்டரின் முள் ஒருநேரம் அசைந்து ஒருநேரம் நின்றால் நாம் என்ன செய்கிறோம்? "இந்த மேசை சரியில்லை" என்று பக்கத்து மேசைக்குப் போய்விடுகிறோம். அந்த முள் ஏன் நின்றது என்று எவரும் கேட்பதில்லை. இணைப்புக் கம்பியில் துருவா, சாவி தளர்ந்ததா, மின்கலம் இறங்கியதா? அந்தச் சரியில்லாத மேசைதான் ஆய்வகத்திலேயே சிறந்த ஆசிரியர் என்று இப்போது தோன்றுகிறது. விடை தெரிந்த கேள்விக்கு விடை வரவழைக்கும் வித்தையில் நாம் தேறிவிட்டோம். விடை தெரியாத கேள்வி வந்தபோது, எட்டாம் வகுப்புப் படித்த லாரி ஓட்டுநரிடம்தான் நான் முறை கற்க வேண்டியிருந்தது. அவரை எண்ணிப் பெருமைப்படுகிறேன். என்னை எண்ணி வெட்கப்பட்டேன்.

1893-இல் கோவை மாவட்டத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்களை நாம் அறிவோம். அவர் பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவகத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை வாங்கினார். வாங்கிச் சவாரி செய்வதோடு நிற்கவில்லை. பிரித்தார், பார்த்தார், மீண்டும் பூட்டினார். அவரை மேடைகளில் புகழ்கின்ற நாம், அவர் செய்ததை ஆய்வகத்தில் செய்ய இடம் வைத்திருக்கிறோமா?

என் வேண்டுகோள்

பருவத்துக்கு ஒருமுறையாவது 'பழுது காணும் செய்முறை' ஒன்று வேண்டும். ஆசிரியர் ஒரு சுற்றில் வேண்டுமென்றே ஒரு தளர்ந்த இணைப்பை வைத்துக் கொடுக்கட்டும். மாணவர் கண்டதை எழுதட்டும், ஐயங்களை வரிசைப்படுத்தட்டும், ஒவ்வொன்றாக அடிக்கட்டும். கண்டுபிடித்தாரா என்பதற்கு மட்டுமன்றி, எப்படித் தேடினார் என்பதற்கும் மதிப்பெண் தருக. அடித்தல் திருத்தல் இல்லாத ரெக்கார்டு நோட்டுக்குத் தருகின்ற மதிப்பை, உண்மையான அடித்தலுக்கும் தருக.

பாடத்திட்டத்துக்கே நேரம் போதவில்லை, கருவிகள் வேறு கெட்டுப்போகும் என்று பேராசிரியர்கள் சொல்லக்கூடும். அதில் நியாயம் இருக்கிறது. அறுபது பேருக்கு ஆறு கருவிகளை வைத்துக்கொண்டு அவர்கள் படும் பாட்டை நாங்கள் காணாமல் இல்லை. ஆனால் பழுது காணப் புதுக் கருவி வேண்டாம். கிடங்கில் தூசி படிந்து கிடக்கும் மீட்டர்களும் பழைய கணினிகளும் போதும். ஏற்கெனவே கெட்டதை நாங்கள் எங்கே கெடுக்கப் போகிறோம்!

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் மாநிலத்தில் 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2025-26-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் எங்கள் தெருவில் முந்தைய திட்டத்தில் வந்த மூன்று கணினிகள் பரணில் உறங்குவதை நான் அறிவேன். ஒன்றின் சார்ஜர் மட்டும்தான் பழுது, பார்ப்பாரில்லை. கணினி கைக்கு வந்தால் பழுதும் கூடவே வரும். வசதி படைத்தவர் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவார். நம் வீடுகளில் 16,500 ரூபாய் என்பது யாரோ ஒருவரின் இரண்டு மாத உழைப்பு. எனவே பழுதின் மூலத்தைத் தேடும் அறிவு நமக்குப் பொழுதுபோக்கன்று, தற்காப்பு.

இன்றும் இரவு பத்து மணிக்கு மேல் அதே தையல் இயந்திரப் பலகையில்தான் என் கணினி நிற்கிறது. திரை இருளவில்லை. அதன் பக்கத்தில் அந்தப் பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதன் பின்பக்கங்களில் இப்போது அப்பா தம் லாரியின் டீசல் கணக்கை எழுதத் தொடங்கியிருக்கிறார். வண்டி ஏன் கூடுதலாகக் குடிக்கிறது என்று தெரியவேண்டுமாம்.

தோழர்களே, அடுத்த முறை ஆய்வகத்தில் முள் நின்றால் பக்கத்து மேசைக்கு ஓடாதீர்கள். என்னையும் கூப்பிடுங்கள். இருவருமாக உட்கார்ந்து பார்ப்போம்.